பனியில் முன்னால் நடக்க வேண்டியவள்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வளர்ந்த எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் சின்ன வயதிலேயே ஒரு வேலை பார்த்தவர்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் வயிற்றுவலியை டாக்டருக்கு எடுத்துச் சொன்னோம். பெரியப்பாவுக்கு இமிக்ரேஷனிலிருந்து வந்த கடிதத்தை அகராதியோடு உட்கார்ந்து வாசித்துக் காட்டினோம். கரப்பான்பூச்சி பற்றி அப்பார்ட்மென்ட் மனேஜரோடு சண்டை பிடித்தோம். இப்போது எங்கேயாவது கூடினால் அந்தக் கதைகளைச் சொல்லி வயிறு நோகச் சிரிக்கிறோம். நானும் சிரிப்பேன். என் முறை வந்தால் பெரியப்பாவின் கடிதக் கதையைத்தான் சொல்வேன். இந்தக் கதையைச் சொன்னதில்லை. முழங்கால் இரண்டும் படியேற முறைப்பாடு செய்கிற வயது வந்துவிட்டது. யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஸ்காபரோவில் ஒரு உயரமான கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எலிவேட்டருக்குள் எப்போதும் பொரித்த வெங்காயமும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு மணம். நான் ஆறு வயதிலேயே வந்துவிட்டவள். வந்த புதிதில் வகுப்பில் யாரும் எனக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அதைக் கடந்து வர எனக்கு ஆறு வருடங்கள் பிடித்தன. ஏழாம் வகுப்பில்தான் இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். இரண்டு பேருமே இங்கு பிறந்தவர்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் எனக்கும் ஒரு இடம் பிடித்து வைப்பார்கள். அந்த ஒரு கதிரைக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன்.

அந்த வருடம் ஜனவரியில் எங்கள் வகுப்புக்கு ஒரு புதுப்பிள்ளை வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கே எட்டு மாதம் காத்திருந்து, தனியாக விமானம் ஏறி வந்தவள். தாயும் தகப்பனும் ஊரில். எங்கள் கட்டடத்திலேயே நான்காம் மாடியில், சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். சித்தியின் பழைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வருவாள். கைகள் விரல் நுனி வரை மூடியிருக்கும்.

"பாவம் பிள்ளை. நீதான் அவளைப் பாத்துக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்திலும் அதையேதான் சொன்னார்கள். வகுப்பில் தமிழ் தெரிந்த வேறு யாரும் இல்லை. அவளுடைய மேசையை இழுத்து என் மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். முதல் நாளே என் கூட்டாளிகளில் ஒருத்தி, அவள் உன்னுடைய சொந்தக்காரியா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று நான் சொன்ன வேகம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் எங்கிருந்தோ ஒரு வான் வண்டி நிறைய ஸ்னோ ஷூ கொண்டுவந்து இறக்கினார். ஆறு வெள்ளிக்கிழமைகள், பின்னேரங்களில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடையை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் எங்களுக்குப் பனிநடை பழக்கப் போகிறார். மரச்சட்டத்தை நீள்வட்டமாக வளைத்து, நடுவில் தோல்வாரால் வலை பின்னி, பின்பக்கம் வால் போல் கூராக விட்டிருந்தார்கள். வார்னிஷும் நனைந்த தோலும் கலந்த மணம் உடுப்பு மாற்றும் அறை முழுக்க நிறைந்திருந்தது. இப்போது விற்கிற அலுமினியச் சாமான்களில் அந்த மணம் இல்லை.

"சுளகைக் காலில கட்டிக்கொண்டு நடக்கப் போறமோ?" என்று அவள் என் காதுக்குள் கேட்டாள்.

அரிசி புடைக்கிற சுளகை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டாளிகள் பார்ப்பார்கள் என்று அதை விழுங்கினேன்.

ஆசிரியர் நிறையப் பேசுவார். வார்களை எப்படி இறுக்குவது, கால்களை எவ்வளவு அகட்டி வைப்பது, விழுந்தால் எந்தப் பக்கம் உருண்டு எழும்புவது என்று நின்றபடியே கால்மணி நேரம் சொல்வார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் அவள் பக்கம் திரும்பி, "காலை அகட்டி வைக்கட்டாம்" என்பேன்.

"இவ்வளவு நேரமும் கதைச்சார். இவ்வளவுதானோ?"

"ஓம். இவ்வளவுதான்."

முதலில் அது வெறும் சோம்பல்தான். கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் விழுந்தோம். ஒரு காலின் சட்டத்தை மற்றக் கால் மிதித்துவிடும். மிதித்தது தெரியாமல் அடுத்த அடி எடுத்தால் முகம் குப்புறப் பனிக்குள். நான் ஏழு தரம் விழுந்தேன். கழுத்துக்குள் பனி போய், உருகி, முதுகால் இறங்கியது. வெளியே மூக்கு மரத்துப்போயிருக்க, ஜக்கற்றுக்குள் வேர்த்து ஒழுகியது. வார்கள் உறைந்து கம்பிபோல் ஆகிவிட, கையுறையைக் கழற்றி வாயால் ஊதி ஊதித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஆசிரியர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருபோதும் பின்னுக்குக் கால் வைக்காதீர்கள். வால் பனிக்குள் குத்தி உங்களை விழுத்திவிடும். திரும்ப வேண்டுமென்றால் வட்டமாகச் சுற்றி வாருங்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கூட்டாளிகள் இரண்டு பேரும் எதற்கோ குசுகுசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும்போல் இருந்தது.

"பின்னுக்கு ரெண்டடி வைக்கட்டாம்" என்றேன்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வைத்தாள். அப்படியே மல்லாக்க விழுந்தாள். நீளமான ஜக்கற் கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து ஆடின. வகுப்பே சிரித்தது. என் கூட்டாளி என் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். படுத்தபடியே அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "விழுத்தி விழுத்தித்தான் பழக்கிறார் போல."

ஆசிரியர் அவளைத் தூக்கி நிறுத்தினார். கவனமாகக் கேட்பதுதான் முதல் பாடம் என்று அவளுக்குச் சொல் என்றார் பொறுமையாக. அதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

மூன்றாம் கிழமை நடுவில் பெரிய பனி கொட்டியது. பள்ளத்தாக்கில் இடுப்பளவு. யாரும் மிதிக்காத பனியில் முதலாவதாக நடப்பவருக்குத்தான் கஷ்டம் எல்லாம். அவர் மிதித்து அமுக்கிய பாதையில் மற்றவர்கள் சுகமாக வரலாம். ஆசிரியர் ஒவ்வொருவராக முன்னால் விட்டார். பையன்கள் பத்து அடியில் மூச்சிரைத்து ஒதுங்கினார்கள். நான் ஆறாவது அடியில் என் சட்டத்தையே மிதித்து விழுந்தேன். அவளுடைய முறை வந்தது. போனாள். போய்க்கொண்டே இருந்தாள். முழங்காலை மெல்ல உயர்த்தி, முன்பக்கத்தைத் தட்டையாக வைத்து, அவசரமே இல்லாமல். ஓடை வரைக்கும் போய், வட்டமாகச் சுற்றி, தன் பாதையாலேயே திரும்பி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வந்த நாளிலிருந்து அவள் நிமிர்ந்து நின்று நான் கண்டது அன்றுதான்.

இதை முதலே எங்கே பழகினாய் என்று கேள் என்றார் ஆசிரியர். கேட்டேன்.

"பழகேல்லை. ஊரை விட்டு வெளிக்கிடேக்க முழங்கால் தண்ணிக்குள்ள, சேத்துக்குள்ள அம்மாவோட நடந்தனான். ஆறேழு மணித்தியாலம். காலை இழுத்தா செருப்புப் போயிடும். தூக்கித் தூக்கித்தான் வைக்கவேணும். அப்பா பின்னால நிண்டு சொல்லிச் சொல்லி வந்தவர். இதுவும் அப்பிடித்தானே?"

ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"இது சுலபம் என்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் புருவத்தை உயர்த்தி, பயப்படாத பிள்ளை என்று சிரித்தார். அந்தத் தண்ணீரும் சேறும் தகப்பனின் குரலும் என்னோடேயே நின்றுவிட்டன.

கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வகுப்பு முழுக்க வரிசையாகப் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். முன்னால் போகிறவருக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி. அது எனக்கு வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கூடத்துக் கம்பளத்தில் நடந்துகூடப் பார்த்தேன்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஆசிரியர் எங்கள் இரண்டு பேரையும் தனியாக அழைத்தார். அவளைக் காட்டி, பிறகு கையை முன்னுக்கு நீட்டி, அவள்தான் முன்னால் போகிறாள் என்றார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன், புதிதாகக் கட்டிய ஒரு பிள்ளை இப்படி நடந்து நான் கண்டதில்லை, இதை அப்படியே அவளுக்குச் சொல் என்றார். என் தோளில் கை வைத்திருந்தார். சந்தோஷத்தில் அவருடைய முகம் பளபளத்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாற வெள்ளிக்கிழமை உன்னை வரவேண்டாமாம்" என்றேன். "ஸ்னோ ஷூ காணாதாம். பழைய பிள்ளையளுக்குத்தானாம்."

அவளுடைய கண்கள் ஆசிரியரின் முகத்துக்குப் போய் என்னிடம் திரும்பின. சிரித்த முகத்தோடு ஒருவர் இப்படிச் சொல்வாரா என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

"பின்னேரத்துக்கு மட்டுமோ? பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டாமோ?"

"வீட்டிலயே நிக்கட்டாம்."

அவள் தலையாட்டினாள். பிறகு ஆசிரியரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "தாங்க் யூ சேர்" என்றாள். அவர் மகிழ்ந்துபோய் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசி வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஆசிரியர் வாசலையே பார்த்துக்கொண்டு வரிசையைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தார். என்ன நடந்தது, தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது, வீட்டில் விடவில்லையோ என்னவோ என்றேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். சில குடும்பங்களில் பெண்பிள்ளைகளை இப்படித்தான் அடைத்து வைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற இன்னொரு ஆசிரியையிடம் சொன்னார். அந்த எண்ணத்தை அவருடைய தலைக்குள் வைத்தது நான். பிறகு மேலங்கியை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். அவளுடைய மொழிக்காரி என்பதால் எனக்குத் தருவதுதான் முறை என்று நினைத்திருக்கலாம்.

அம்மா தொழிற்சாலையில் அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தார். கூட்டத்தில் சின்னதாக, கையுறை இல்லாத கைகளைத் தட்டிக்கொண்டு நின்றார். நான் முன்னால் நடந்தேன். ஐம்பது அடியில் தொடை எரிந்தது. நேராகப் போகத் தெரியாமல் பாதையை வளைத்து வளைத்து மிதித்தேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பாதி வழியில் ஆசிரியரே முன்னுக்கு வந்து, நீ பின்னால் வா என்று மிச்சப் பாதையை வெட்டிக்கொண்டு போனார். படம் அதற்கு முதலே எடுத்துவிட்டார்கள். செம்மஞ்சள் மேலங்கியோடு நான் சிரிக்கிற அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டு வைத்திருந்தார்.

ஹொட் சொக்லேட் குடிக்கும்போது அம்மா கேட்டார், "அந்தப் பிள்ளை எங்க?"

"வரேல்லை."

"நீயெல்லோ போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கவேணும்."

அடுத்த கிழமை ஆசிரியர் அவளுடைய சித்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். குற்றம் சொல்ல அல்ல. சனிக்கிழமைகளில் ஒரு குளிர்கால விளையாட்டுக் கழகம் நடக்கிறது, அதில் அவளைச் சேர்க்க வேண்டும், எல்லாம் இலவசம், வீட்டாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். மொழிபெயர்க்க என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. சித்தி வேலை உடுப்போடு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் பக்கத்தில் இருந்தாள். ஆசிரியர், வெள்ளிக்கிழமை இவள் வராதது எனக்கு மிகவும் கவலை என்று தொடங்கினார்.

"என்னவாம்?" என்று சித்தி கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஏன் பள்ளிக்கூடம் வரேல்லையாம்."

சித்தியின் முகம் மாறியது. அவள் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடம் வரவேண்டாம் எண்டு சொன்னவை எண்டெல்லோ என்னட்டச் சொன்னனீ?"

"சேர்தான் சொன்னவராம் சித்தி. இவள்தான் எனக்குச் சொன்னவள்."

எல்லாருடைய கண்களும் என்மேல். அறை வெக்கையாக இருந்தது. சுவரோரம் ஹீட்டர் கடகடத்தது.

"அப்பிடியோ பிள்ளை?" என்று சித்தி கேட்டார்.

"இல்லை அன்ரி. நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப சேரையே கேள். வரவேண்டாம் எண்டு சொன்னவரோ எண்டு."

அந்தக் கேள்வியை நான் சரியாகவே கேட்டேன். ஆசிரியர் திடுக்கிட்டு, இல்லை, இல்லவே இல்லை என்று இரண்டு கைகளையும் விரித்துத் தலையை ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பிள்ளை ஏதோ பயத்தில் கதை கட்டியிருக்கிறாள், கண்டிக்க வேண்டாம் என்று சொல் என்றார். பிறகு சனிக்கிழமைக் கழகத்தைப் பற்றிச் சொன்னார். நான் சித்தியிடம், "இனிமேல் கவனமா இருக்கட்டாம்" என்றேன்.

சித்தி அவளை அடிக்கவில்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழும்பினார். "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது" என்று மட்டும் தனக்குத்தானே சொன்னார். அவள் அழவில்லை. கதவடியில் திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். ஒரு கணக்கு ஏன் சரிவரவில்லை என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எலிவேட்டரில் அவளைச் சந்திக்கக்கூடாது என்று ஒன்பது மாடியையும் படியால் ஏறி இறங்கினேன். வகுப்பில் அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு தானே தேடிப் படித்தாள். மார்ச் மாதம் அவளை ரெக்ஸ்டேலில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒளிக்கிற பிள்ளையை வைத்துப் பார்க்கத் தனக்கு ஏலாது என்று சித்தி சொன்னதாக அம்மா சொன்னார். "நல்ல பிள்ளை மாதிரித்தானே இருந்தது" என்று அம்மா வருத்தப்பட்டார். மதிய மேசையில் என் கதிரை அப்படியே இருந்தது. அடுத்த வருடம் அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரும் வேறு பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு ஒருநாளும் அவர்களைக் கண்டதில்லை.

போன குளிர்காலம் என் கணவரோடு வேலை செய்கிற ஒருவர் பிக்கரிங்கில் வீடு வாங்கிக் குடிபூரலுக்கு அழைத்தார். கதவைத் திறந்த வீட்டுக்காரி, "வாங்கோ, வாங்கோ" என்றாள். ஜக்கற்றை வாங்கிக் கொளுவும்போதுதான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டோம். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அவள் சாதாரணமாக, "நீரே? உள்ள வாரும்" என்றாள்.

கூடத்தில் அவளுடைய அப்பா இருந்தார். எண்பது தாண்டிய, மெலிந்த, கலகலப்பான மனிதர். அவள் என்னை, சித்தி வீட்டில் இருந்தபோது தன்னோடு படித்தவர் என்று அறிமுகப்படுத்தினாள். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப உவள் பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்ச கதை தங்கச்சிக்கும் தெரியும் என்ன? பனி எண்டு பயந்து வீட்டில நிண்டிட்டு, சேர்தான் வரவேண்டாம் எண்டவர் எண்டு சொன்னவளெல்லோ! சித்திக்காரி எனக்கு நாலு பக்கத்தில எழுதினவ!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இதை அவர்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்க வேண்டும். நானும் சிரித்தேன். ஆம், நாற்பத்தைந்து வயதில், அந்தக் கூடத்தில், எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் குசினிக்குப் போனேன். பிறகு கராஜ் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

"அண்டைக்கு நான் உமக்குப் பொய் சொன்னனான்" என்றேன். "உம்மைத்தான் முன்னால நடக்கச் சொன்னவர். இருபது வருஷத்தில இப்பிடி ஒரு பிள்ளையைக் காணேல்லை எண்டும் சொன்னவர்."

இருபது வருடம் என்பது அவளுக்குப் புதிது. அதைக் கேட்டு ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். மற்றது புதிதல்ல.

"முன்னால எண்டது விளங்கினது. கையைக் காட்டித்தானே சொன்னவர். பிறகு யோசிச்சுப் பாக்க எல்லாம் விளங்கிச்சுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சித்திக்குச் சொன்னனான். அவ நம்பேல்லை." அவள் குரலை உயர்த்தவில்லை. "சேருக்குச் சொல்லுறதெண்டா நீர்தானே சொல்லவேணும்."

வீதியில் பனி அள்ளும் லொறி ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.

"பிறகு எங்கயாவது ஸ்னோ ஷூ போட்டனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"உள்ள போய் அப்பாவுக்குச் சொல்லட்டே? இப்பவே சொல்லுறன்."

அவள் உண்மையாகவே யோசித்தாள். ஜன்னலுக்கு உள்ளே அவர் யாருக்கோ கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வேண்டாம். சித்தியின்ர கடிதத்தைப் பாத்திட்டு, தாய் தகப்பன் இல்லாமல் பிள்ளை கெட்டுப் போச்சுது, அனுப்பினது எங்கட பிழை எண்டு அம்மாவும் அப்பாவும் கனகாலம் அழுதவை. அம்மா அப்பிடி நினைச்சுக்கொண்டே போயிட்டா. அப்பா இப்பதான், இந்த அஞ்சாறு வருஷமாத்தான், அதைச் சிரிச்சுச் சொல்லுறார்." கராஜ் கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டாள். "குளிருது. உள்ள வாரும்."

போனேன். அவளுடைய அப்பா தனக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் அதில் இருந்தேன். புதிதாக வந்த ஒருவருக்கு அவர் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் என் பக்கம் திரும்பி, "தங்கச்சியையே கேளுங்கோ. இவதான் சாட்சி" என்றார்.